ஓராண்டு கழித்து என்ன ஆயிற்று?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் மாடிப்படியில் கால் வழுக்கியது. கைப்பிடிக் கம்பியை வலது கையால் எட்டிப் பற்றிக்கொண்டதால் விழாமல் தப்பினேன். தோளுக்குள் ஏதோ சுள்ளென்று இழுத்தது போலிருந்தது. அத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். அன்றிரவு வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. தைலமும் வெந்நீர் ஒத்தடமுமாக இரண்டு மாதங்கள் கழிந்தன. சட்டையின் கைக்குள் கையை நுழைப்பதே பெரும்பாடு என்றான பின்னர்தான் எம்.ஆர்.ஐ. படம் எடுத்துக்கொண்டேன். தோளின் தசைநாண் ஒன்றில் பகுதிக் கிழிசல் இருப்பதாகவும், அது நாணின் தடிமனில் ஏறத்தாழப் பாதி என்றும் அறிக்கை வந்தது.

தோள் மூட்டு ஒரு விந்தையான அமைப்பு. இடுப்பு மூட்டில் ஆழமான கிண்ணத்துக்குள் எலும்பின் பந்து உட்கார்ந்திருக்கிறது. தோளில் கிண்ணம் ஒரு தட்டைப்போல ஆழமற்றது; பந்து பெரியது. பந்தை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பவை தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்படும் நான்கு தசைகள். அவற்றின் நாண்கள் ஒன்றாகக் கூடி, சட்டையின் மணிக்கட்டுப் பட்டியைப்போல மேற்கை எலும்பின் தலையைச் சுற்றிப் பிடிக்கின்றன. ரொட்டேட்டர் கஃப் என்று மருத்துவர்கள் அதனை அழைப்பது இதனால்தான். நான்கில் மேலே இருக்கும் சுப்ராஸ்பைனேட்டஸ் தசையின் நாண்தான் பெரும்பாலும் கிழிகிறது. என்னுடையதும் அதுவே.

முதலில் பார்த்த அறுவை மருத்துவர், சிறு துளை வழியாகக் கருவியைச் செலுத்திப் பிய்ந்த இழைகளைச் சீவிவிட்டு, மேலே உள்ள எலும்பு முனையையும் கொஞ்சம் செதுக்கிவிடலாம் என்றார். இரண்டாமவர், சீவினால் போதாது, தைத்துவிடுவதே நல்லது என்றார். இருவரிடமும் நான் ஒரே கேள்வியைக் கேட்டேன். என்னைப்போன்ற கிழிசலுடன் வந்து உங்களிடம் அறுவை செய்துகொண்டவர்கள் ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார்கள்? நன்றாகவே இருக்கிறார்கள் என்றனர் இருவரும். எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேட்டபோது விடையில்லை. அவர்கள் மறைத்தார்கள் என்று சொல்லமாட்டேன். தையல் பிரித்து, பயிற்சி முடிந்து, வலி குறைந்தவர் திரும்பி வருவதில்லை. குறையாதவர் வேறு மருத்துவரிடம் போய்விடுகிறார். கணக்கு வைப்பதற்கான ஏற்பாடே அங்கு இல்லை.

அந்நாள்களில் இயன்முறை மருத்துவர் ஒருவர் எனக்கு ஒரு பயிற்சி கற்றுத் தந்தார். இடுப்பை முன்னால் வளைத்து, நல்ல கையை மேசையில் ஊன்றி, வலிக்கும் கையைத் தளரவிட்டுக் கடிகாரத்தின் ஊசலைப்போல மெல்ல ஆட்ட வேண்டும். அவர் தந்த தாளில் அதற்குக் காட்மன் பயிற்சி என்று பெயர் அச்சிட்டிருந்தது. யார் இந்தக் காட்மன் என்று தேடப் போனேன். நான் இரு மருத்துவர்களிடம் கேட்ட கேள்வியை நூறாண்டுகளுக்கும் முன்பே, தன் சக மருத்துவர்களிடமே கேட்டு, அதற்காகப் பெரும் விலை கொடுத்த ஒரு மனிதரைக் கண்டுகொண்டேன்.

எர்னஸ்ட் அமோரி காட்மன் 1869 டிசம்பர் 30-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். வசதியான, பழைய பாஸ்டன் குடும்பம். ஹார்வர்டில் படித்து 1895-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் மூளை அறுவையின் முன்னோடியாகப் புகழ்பெற்ற ஹார்வி குஷிங் அவருடைய வகுப்புத் தோழர். அக்காலத்தில் அறுவை அரங்கில் ஈதர் மயக்க மருந்து கொடுக்கும் பொறுப்பு மாணவர்கள் தலையில் விழும். முறையான பயிற்சி கிடையாது. மயக்கத்திலேயே நோயாளி இறந்துபோவதும் உண்டு. குஷிங்கின் கையிலேயே அப்படி ஒரு மரணம் நிகழ்ந்தது. யார் சிறப்பாக மயக்கம் கொடுக்கிறார் என்று நண்பர்கள் இருவரும் ஒரு விருந்தைப் பந்தயமாக வைத்துக்கொண்டனர். வெற்றி யாருக்கு என்று முடிவு செய்ய வேண்டுமானால் கணக்கு வேண்டும். எனவே அறுவையின்போது நாடித்துடிப்பும் மூச்சும் எப்படி ஏறி இறங்கின என்பதைத் தாளில் குறித்து வரைந்தனர். மயக்க மருந்துப் பதிவேடுகளில் மிகத் தொன்மையானவையாக மருத்துவ வரலாறு அவற்றைத்தான் காட்டுகிறது. இன்று அறுவை அரங்குகளில் அத்தகைய பதிவு வழக்கமான ஒன்றாகிவிட்டது.

எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி பரவியதுமே அதைக் கையாளத் தொடங்கிய மருத்துவர்களில் காட்மனும் ஒருவர். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் கதிர்ப்படம் எடுக்கும் பொறுப்பில் இருந்தார். பின்னர் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அறுவை மருத்துவரானார். அந்நாளில் பெயரும் பணமும் வயிற்று அறுவையில்தான் இருந்தன. தோள்வலியை வாதம் என்றும் நரம்பு வீக்கம் என்றும் பொதுப்படச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். காட்மன் பிணக்கூடத்தில் தோள்களை அறுத்துப் பார்த்தார். தசைநாணுக்கும் அதன்மேல் கூரைபோல நிற்கும் அக்ரோமியன் எலும்பு முனைக்கும் நடுவில் உராய்வைத் தடுக்கும் மெல்லிய நீர்ப்பை ஒன்று இருக்கிறது. அதிலிருந்து தொடங்கி, அடியிலுள்ள நாணுக்கு வந்து சேர்ந்தார். 1906 முதல் இதுபற்றி எழுதினார். 1909-இல் முற்றிலும் அறுந்த சுப்ராஸ்பைனேட்டஸ் நாணை அறுவை செய்து தைத்தார். அவ்வாறு தைத்துத் தேறிய இருவரைப் பற்றி 1911-இல் அவர் வெளியிட்ட கட்டுரை நான்கு பக்கங்கூட வராது. தோள் அறுவையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இன்றும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஆனால் தைத்ததோடு நிற்பவராக அவர் இல்லை. அவருடைய வாழ்க்கையை ஆட்டிவைத்த எண்ணம் வேறொன்று. ஒவ்வொரு மருத்துவமனையும் தான் சிகிச்சை அளித்த ஒவ்வொரு நோயாளியையும் போதிய காலம் பின்தொடர்ந்து, சிகிச்சை பலித்ததா என்று பார்க்க வேண்டும். பலிக்கவில்லையெனில் ஏன் என்று கேட்க வேண்டும். கேட்க எளிமையாக இருக்கிறது. இதை அவர் இறுதி விளைவுக் கொள்கை என்றார். நோயாளி ஒவ்வொருவருக்கும் ஒரு சிறிய அட்டை. என்ன தொல்லையுடன் வந்தார், என்ன நோய் என்று கணித்தோம், என்ன செய்தோம், என்ன சிக்கல் வந்தது, ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார். இவ்வளவுதான். பலன் கிட்டாத இடத்தில் காரணத்தையும் எழுத வேண்டும். திறமைக் குறைவா, தவறான முடிவா, கவனக் குறைவா, கருவி இல்லாமையா, நோயைத் தவறாகக் கணித்ததா, நோயாளி சிகிச்சையை மறுத்தாரா, அல்லது யாராலும் தடுக்க இயலாத நிகழ்வா என்று அதற்கு வகைகளும் வகுத்திருந்தார்.

மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை இதை முழுமையாக ஏற்கவில்லை. 1911-இல் பாஸ்டனின் பிங்க்னி தெருவில் தனக்கென ஒரு சிறிய மருத்துவமனையைத் தொடங்கினார் காட்மன். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பியோர் 337 பேர். அவர்களுக்கான சிகிச்சையில் நேர்ந்த 123 பிழைகளை அவரே கணக்கிட்டு, வகை பிரித்து, தன் செலவில் அச்சிட்டு ஊரறிய வெளியிட்டார். பித்தப்பை அறுவை ஒன்றில் பித்த நாளத்துக்குத் தன் கையாலேயே கேடு நேர்ந்ததையும், அது தன் திறமைக் குறைவே என்பதையும் எழுதினார். ஒரு தனியார் மருத்துவமனை உரிமையாளர் தன் பிழைப் பட்டியலைத் தானே அச்சிட்டுப் பிற மருத்துவமனைகளுக்கு அனுப்பிவைத்த காட்சியை இன்றைக்கும் என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. நம் மருத்துவமனை விளம்பரங்களில் படுக்கைகளின் எண்ணிக்கை இருக்கும், கருவியின் விலை இருக்கும், மருத்துவரின் பட்டங்கள் இருக்கும். இது இருக்காது.

அவருடைய சண்டை பணிமூப்பு முறையோடும் இருந்தது. அறுவை மருத்துவர்களுக்குப் பதவி உயர்வு, எத்தனை ஆண்டு இருந்தார்கள் என்பதை வைத்துக் கொடுக்கப்பட்டது. அவர்களிடம் வந்த நோயாளிகள் என்ன ஆனார்கள் என்பதை வைத்தன்று. இதை எதிர்த்து 1914-இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைப் பணியைத் துறந்தார். விலகல் ஏற்கப்பட்டதும் மீண்டும் ஒரு கடிதம் எழுதினார். கடந்த பத்தாண்டுகளில் தன் நோயாளிகள் அடைந்த பலன் மற்றவர்களுடையதைவிட மேலானது, ஆகவே தன்னைத் தலைமை அறுவை மருத்துவராக நியமிக்க வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். பதவி கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். அவர் சொன்னதை மறுக்க வேண்டுமானால் மருத்துவமனை தன் கணக்கை எடுத்துக் காட்ட வேண்டும், கணக்கோ இல்லை. இந்தக் குறும்பை நான் மிகவும் ரசித்தேன்.

அடுத்த ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் நடந்ததை அவ்வாறு ரசிக்க முடியவில்லை. உள்ளூர் மருத்துவச் சங்கத்தின் அறுவைப் பிரிவுக்கு அப்போது அவரே தலைவர். மருத்துவமனைத் திறன் பற்றி ஒரு கூட்டம் கூட்டி, நகர மேயரையும் அழைத்திருந்தார். கூட்டத்தின் முடிவில் ஏறத்தாழ எட்டடி நீளமுள்ள கேலிச்சித்திரம் ஒன்றைத் திரை விலக்கிக் காட்டினார். பாஸ்டனின் செல்வந்தர் பகுதி மக்கள் ஒரு நெருப்புக்கோழியாக மணலில் தலையைப் புதைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அது ஹார்வர்டு மருத்துவப் பேராசிரியர்களுக்குப் பொன்முட்டைகளை இட்டுக்கொண்டிருக்கிறது. மருத்துவமனையின் நிர்வாகிகளும் ஹார்வர்டின் தலைவரும் அதில் உண்டு. உண்மை வெளிவந்தால் கோழி இன்னும் முட்டையிடுமா என்பதே அவர்கள் கவலை. அரங்கம் கொந்தளித்தது. சங்கத் தலைமையிலிருந்து அவர் விலக வேண்டியதாயிற்று. ஹார்வர்டு ஆசிரியப் பணியும் போயிற்று. நண்பர்கள் ஒதுங்கினார்கள். நோயாளிகளை அனுப்பிவந்த மருத்துவர்கள் அனுப்புவதை நிறுத்தினார்கள்.

அவர் சொன்னது சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தச் சித்திரம் அவருடைய கொள்கைக்கு உதவியதா என்றால், இல்லை என்றே நினைக்கிறேன். தன் பிழைகளை எழுதிவந்தவரை எவரும் பழிக்க முடியவில்லை; பிறரை எள்ளி நகைத்தவரைப் பழிப்பது எளிதாகிவிட்டது. கணக்குக் காட்டுவதிலிருந்து தப்ப நினைத்தவர்களுக்கு அவர் ஒரு நல்ல சாக்கைக் கொடுத்துவிட்டார்.

1917 டிசம்பரில் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்து நகரத்தின் ஒரு பகுதியே அழிந்தபோது, அங்கு விரைந்து சென்று காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்தார். பின்னர் அமெரிக்க இராணுவத்தில் மருத்துவராகப் பணியாற்றினார். போர்க்காலத்தோடு அவருடைய சிறிய மருத்துவமனை முடிந்துபோயிற்று. இதற்கிடையில், அவர் முன்பு உழைத்த அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி என்னும் அமைப்பு, நாட்டின் மருத்துவமனைகளை ஆய்வு செய்யும் வேலையைத் தொடங்கியிருந்தது. 1919-இல் நூறு படுக்கைகளுக்கு மேல் கொண்ட 692 மருத்துவமனைகளைப் பார்த்தார்கள். குறைந்தபட்சத் தகுதியை எட்டியவை 89 மட்டுமே. எட்டாதவற்றில் நாட்டின் புகழ்பெற்ற மருத்துவமனைகள் பல இருந்தன. பட்டியல் பத்திரிகைக்காரர்கள் கையில் சிக்கிவிடக் கூடாதென்று நியூயார்க்கின் ஒரு விடுதியின் உலையில் நள்ளிரவில் அதை எரித்துவிட்டார்கள். காட்மனின் கேலிச்சித்திரம் மிகை என்று கருதியவர்கள் இதற்கு என்ன சொல்லியிருப்பார்களோ தெரியவில்லை.

1920-இல் எலும்புப் புற்றுநோயாளிகளின் விவரங்களை நாடெங்கிலுமிருந்து திரட்டும் பதிவேட்டைத் தொடங்கினார். அமெரிக்காவில் ஒரு புற்றுநோய்க்கென்று ஏற்பட்ட முதல் தேசியப் பதிவேடு அது. எலும்புக் கட்டியின் ஓரத்தில் கதிர்ப்படத்தில் தெரியும் முக்கோண வடிவத்தை மருத்துவ மாணவர்கள் இன்றும் காட்மன் முக்கோணம் என்றே படிக்கிறார்கள். அங்கும் அவர் செய்தது அதே வேலைதான். யாருக்கு என்ன செய்தோம், அவர் பிழைத்தாரா என்பதைக் குறித்துவைத்தல்.

தோளை அவர் விடவில்லை. 1934-இல், தமது அறுபத்து நான்காம் வயதில், தோள் என்ற தலைப்பிலேயே ஒரு பெருநூலை வெளியிட்டார். அதுவும் சொந்தச் செலவில். முன்னுரையில் தன் வாழ்க்கையை ஒரு வரைபடமாகவே தந்து, வருமானம் ஏறி இறங்கியதையும் அதில் காட்டியிருந்தார். உறைந்த தோள் என்று இன்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் நோய்ப் பெயர் அந்நூலில் அவர் வைத்தது. நாண் அறுந்தவரை எப்படி இனங்காண்பது என்றும் ஒரு பட்டியல் தந்திருந்தார். உடலுழைப்பாளர், நாற்பது வயதைக் கடந்தவர், அதற்குமுன் தோளில் தொல்லை இல்லாதவர், ஒரு விழுகை, உடனே கூரிய வலி, அன்றிரவு கடும் வலி. உடலுழைப்பு நீங்கலாக என் கதையை அவர் முன்னமே எழுதிவைத்திருந்தார்.

எனக்கு முக்கியமாகப்பட்டது வேறொரு பகுதி. நாண் எலும்பில் பொருந்தும் விளிம்பில், மூட்டின் உட்பக்கமாகச் சில இழைகள் மட்டும் பிய்ந்திருப்பதைப் பிணப் பரிசோதனைகளில் அவர் அடிக்கடி கண்டார். மேலிருந்து பார்த்தால் நாண் முழுமையாகத் தெரியும். உள்ளே திறந்தால்தான் பிய்ந்தது தெரியும். இதற்கு அவர் விளிம்புக் கிழிசல் என்று பொருள்படும் பெயரிட்டார். இன்று பகுதிக் கிழிசல் என்று என் அறிக்கையில் அச்சாகியிருப்பது இதுதான். எம்.ஆர்.ஐ. இல்லாத காலத்தில், உயிருள்ளவரின் தோளுக்குள் எட்டிப்பார்க்க வழியில்லாத காலத்தில், கத்தியும் பொறுமையும் கொண்டு கண்டது.

அவருக்குப் பின் சிகிச்சை பல கிளைகளாகப் பிரிந்தது. 1972-இல் நியூயார்க்கின் சார்லஸ் நீர், மேலேயுள்ள அக்ரோமியன் முனை உரசுவதால்தான் நாண் தேய்கிறது என்று கூறி, அம்முனையின் அடிப்பகுதியைச் செதுக்கும் அறுவையை விளக்கினார். அது உலகெங்கும் பரவியது. 1990-இல் எல்மன் என்ற மருத்துவர் பகுதிக் கிழிசல்களை ஆழத்தை வைத்து வகைப்படுத்தினார். மூன்று மில்லிமீட்டருக்குக் குறைவு, மூன்று முதல் ஆறு, ஆறுக்கு மேல். நாணின் தடிமன் ஏறத்தாழப் பன்னிரண்டு மில்லிமீட்டர் என்பதால், ஆறு என்பது பாதி. பாதிக்குக் கீழே என்றால் பிய்ந்ததைச் சீவிச் சுத்தம் செய்தால் போதும், மேலே என்றால் தைக்க வேண்டும் என்பது பலர் பின்பற்றும் வழக்கமாயிற்று. தைப்பதிலும் இரண்டு வழி. எஞ்சிய நல்ல இழைகளை அப்படியே விட்டு, பிய்ந்ததை மட்டும் எலும்பில் நங்கூரமிட்டுத் தைக்கலாம். அல்லது எஞ்சியதையும் வெட்டி முழுக் கிழிசலாக்கி, பிறகு மொத்தமாகத் தைக்கலாம். நல்ல இழையை எதற்கு வெட்டுவது என்று முதலில் எனக்குத் தோன்றியது. நைந்துபோன திசுவை விட்டுவைத்துத் தைத்தால் அது பிடிக்காது என்பது அவர்கள் வாதம். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. எதைச் செய்தாலும் கை சில வாரங்கள் தொட்டிலில் தொங்கும். முழு வலிமை திரும்பப் பல மாதங்கள் ஆகும்.

காட்மனின் கேள்வியை உண்மையாகவே கேட்டுப் பார்த்தவர்களும் பின்னாளில் வந்தார்கள். 1995-இல் அமெரிக்காவில் தோளில் எவ்வித வலியும் இல்லாத 96 பேரை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தார்கள். 19 பேருக்குப் பகுதிக் கிழிசல் இருந்தது. அதை அவர்கள் அறியவே இல்லை. அப்படியானால் என் வலிக்கு என் படத்தில் தெரியும் கிழிசல்தான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்வது? பிரிட்டனில் 32 மருத்துவமனைகளில் தோள்வலியுடன் வந்த, நாண் முழுவதும் கிழியாத 313 பேரை மூன்று குழுக்களாகச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எலும்பு முனையைச் செதுக்கினார்கள். இன்னொரு குழுவுக்கு உள்நோக்கியைச் செலுத்திப் பார்த்ததோடு சரி, எதையும் செதுக்கவில்லை. மூன்றாம் குழுவுக்குச் சிகிச்சையே இல்லை. செதுக்கியவர்களும் வெறுமனே பார்க்கப்பட்டவர்களும் ஒரே அளவே தேறினார்கள். சிகிச்சை பெறாதவர்களைவிட அவர்கள் சற்று மேலாக இருந்தாலும், நோயாளி உணரும் அளவுக்கு அது பெரிதன்று. 2018-இல் லான்செட் இதழில் அச்சான இந்த ஆய்வு, நீர் விளக்கி நாற்பத்தைந்தாண்டு கழிந்த பின் வந்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை இலட்சம் எலும்பு முனைகள் செதுக்கப்பட்டிருக்கும் என்று நினைத்தால் காட்மனின் கோபம் புரிகிறது.

இதனால் அறுவையே வீண் என்று யாரும் கொள்ள வேண்டாம். இளம் வயதில் விழுந்து நாண் ஆழமாகக் கிழிந்தவர், மேற்புறமாகக் கிழிந்தவர், மாதக்கணக்கில் முறையாகப் பயிற்சி செய்தும் இரவு வலி நீங்காதவர் ஆகியோருக்குத் தையல் நல்ல பலன் தருகிறது. சில பகுதிக் கிழிசல்கள் ஆண்டுகள் செல்லச்செல்லப் பெரிதாவதும் உண்மை. ஆகவே விட்டுவிடுவது வேறு, கவனித்துக்கொண்டே காத்திருப்பது வேறு.

காட்மன் 1940 நவம்பர் 23-இல், தோல் புற்றுநோயான மெலனோமாவால் இறந்தார். கேம்பிரிட்ஜ் நகரின் மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில், மனைவி காதரீனின் குடும்ப நிலத்தில் அவருடைய சாம்பல் புதைக்கப்பட்டது. பெயர் பொறித்த கல் வைக்கப்படவில்லை. பதினோராண்டுகள் கழித்து, மருத்துவமனைகளின் தரத்தை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் கூட்டு ஆணையம் அமெரிக்காவில் உருவாயிற்று. அதன் வேர் அவர் உழைத்த அந்தப் பழைய ஆய்வுப் பணியில் இருந்தது. 2014-இல்தான் அறுவை மருத்துவர் அமைப்புகளும் அந்த ஆணையமும் சேர்ந்து அவருக்குக் கல்லறைக் கல் நாட்டின.

நான் அறுவை செய்துகொள்ளவில்லை. என் வயதையும், கிழிசல் பாதியைத் தாண்டவில்லை என்பதையும் கருதி, ஆறு மாதம் பயிற்சி செய்து பார்ப்பதென்று இரண்டாம் மருத்துவரிடமே பேசி முடிவு செய்தேன். அவரும் மறுக்கவில்லை. இப்போது தலைக்கு மேலே உள்ள அலமாரியைத் திறக்க முடிகிறது. வலப்பக்கம் படுத்தால் பின்னிரவில் விழிப்பு வருகிறது. அஞ்சல் அட்டை அளவில் ஒரு தாளை வெட்டி, என்ன தொல்லை, என்ன கிழிசல், என்ன செய்தோம் என்று எழுதி, ஓராண்டு நிறையும் தேதியைக் கீழே குறித்து அதற்கு எதிரே இடம் விட்டு, அதன் ஒரு படியை அந்த மருத்துவரிடம் கொடுத்தேன். வியப்போடு வாங்கிப் பார்த்துவிட்டு என் கோப்பில் வைத்துக்கொண்டார். தேதி வர இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன.